மலையின் வாட்டம் பார்த்தல்

பெரியகுளத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் வடக்கே, சற்று மேற்காக, பழனி மலைத்தொடர் ஒரு பெரிய சுவரைப் போல நிற்கும். இருட்டிய பிறகு அந்தச் சுவரின் உச்சியில் கொடைக்கானலின் விளக்குகள் வரிசையாகத் தெரியும். நேர்க்கோட்டில் அளந்தால் அந்த விளக்குகளுக்கும் எங்கள் மாடிக்கும் இடையே 15 கிலோமீட்டர்கூட இல்லை. சிறுவயதிலிருந்து நாள்தோறும் பார்த்த மலை என்பதால் அதை எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். இருபத்திரண்டாம் வயதில் ஒரு முழு இரவை அதன் சரிவில், ஒரு பாறை விளிம்பில், நண்பர்கள் மூவருடன் உட்கார்ந்தே கழித்த பிறகுதான் நான் அறிந்திருந்தது அதன் முகத்தை மட்டுமே என்பது விளங்கியது.

நடந்தது இதுதான். மேலிருந்து கீழே இறங்கி மாலைக்குள் வீடு சேர்ந்துவிடலாம் என்று கிளம்பினோம். வனத்துறையிடம் அனுமதி பெறவில்லை, உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைக்கவும் இல்லை. அவை இரண்டும் எங்கள் தவறுகள். நண்பகலுக்குப் பிறகு ஒற்றையடிப் பாதை புல்லுக்குள் மறைந்துபோனது. அப்போது பக்கத்தில் ஓடிய ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்குவது என்று முடிவு செய்தோம். தண்ணீர் கீழேதான் போகும், கீழே இருப்பது எங்கள் ஊர், எனவே தண்ணீர் எங்களை ஊரில் சேர்க்கும் என்பது எங்கள் கணக்கு. கைபேசியில் ஒரு நீலப் புள்ளி நாங்கள் நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டியது. அதைச் சுற்றி வெறும் பச்சை நிறம் மட்டுமே இருந்தது. ஐந்து மணி வாக்கில் அந்த ஓடை ஒரு பாறை விளிம்பைத் தாண்டி வெறும் வெளியில் விழுந்தது. இறங்க வழியில்லை, வந்த வழியே ஏறுவதற்குள் இருட்டிவிட்டது. மறுநாள் காலை மாடு தேடி வந்த ஒரு பெரியவர் எங்கள் குரலைக் கேட்டு, பாதைக்குக் கூட்டிச் சென்று விட்டார். அவர் கடிந்துகொள்ளவில்லை. "ஓடையைப் பிடிச்சு யாராவது இறங்குவாங்களா தம்பி, மேட்டைப் பிடிச்சுல்ல இறங்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்தின் பொருளை நான் முழுதாகப் புரிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின. அதைப் புரியவைத்தவர், நில அளவைப் பணியிலிருந்து ஓய்வு பெற்று மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு அருகில் வசித்த ஒரு முதியவர். உறவினர் ஒருவர் மூலமாக அவரைப் பார்க்கச் சென்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் உள்ளே போய் மடித்து வைத்திருந்த பழைய டோப்போஷீட் ஒன்றை, அதாவது நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் வரைபடத் தாளை, கொண்டுவந்து தரையில் விரித்தார். அது இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட, 1:50,000 அளவிலான, கொடைக்கானல் பகுதியின் தாள். அதன் மேல் ஓரத்தில் 58எஃப்/8 என்ற எண் இருந்தது. எனக்கு முதலில் தெரிந்ததெல்லாம் பழுப்பு நிறத்தில் பின்னிக்கிடந்த ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள்தாம். கட்டைவிரல் ரேகையைப் பெரிதாக்கிப் பார்த்ததைப் போல இருந்தது.

"கண்மாய் வத்தும்போது பாத்திருக்கியா தம்பி?" என்று அவர் கேட்டார். பார்த்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்த கண்மாய் சித்திரைக்குள் சிறிது சிறிதாக வற்றும்போது, தண்ணீர் சில நாள் நின்ற மட்டங்கள் எல்லாம் உட்சரிவில் வரிவரியாகப் பதிந்திருக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு காலத்தில் தண்ணீரின் விளிம்பு. தண்ணீர் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதால், அந்த வரியின் மேல் நடந்தால் ஏறவும் மாட்டோம், இறங்கவும் மாட்டோம். அதுதான் சமஉயரக் கோடு. மலையைச் சுற்றிலும் கடல் போலத் தண்ணீர் நிற்பதாகவும், அது இருபது இருபது மீட்டராக வற்றிக்கொண்டே வருவதாகவும், ஒவ்வொரு முறையும் அதன் கரையை மேலிருந்து பார்த்து வரைந்துகொள்வதாகவும் நினைத்துக்கொண்டால் தாளில் உள்ள அத்தனை பழுப்புக் கோடுகளுக்கும் பொருள் வந்துவிடும். கரை செங்குத்தாக இருக்கும் இடத்தில் வரிகள் நெருங்கி நிற்கும். தரை பரந்து கிடக்கும் இடத்தில் அவை விலகி நிற்கும். பிறகு அவர் என்னைத் தெப்பக்குளத்துக்கு அழைத்துப்போய்ப் படிகளைக் காட்டினார். ஒரே இடைவெளியில் இறங்கும் அந்தப் படிகளின் விளிம்புகளை மேலிருந்து பார்த்தால் சீரான சரிவு ஒன்றின் சமஉயரக் கோடுகள் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தன.

வீட்டுக்கு வந்து இதை அப்பாவிடம் விவரித்தபோது அவர் அதற்கு இன்னும் எளிய விளக்கம் ஒன்றைச் சொன்னார். என் அப்பா கொத்தனார். கட்டட வேலையில் ஒரு மூலையின் மட்டத்தை இன்னொரு மூலைக்குக் கொண்டுபோக, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்துவார்கள். டியூப் லெவல் என்பார்கள். குழாயின் ஒரு முனையில் தண்ணீர் நிற்கும் உயரமும் மறுமுனையில் நிற்கும் உயரமும் ஒன்றாகவே இருக்கும். "மலையைச் சுத்தி டியூப் லெவல் பிடிச்சுக் குறி போட்ட மாதிரி" என்றார் அப்பா. தளத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டுமோ அதற்கேற்பக் கொடுக்கும் சாய்மானத்தைக் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். மலைக்கும் வாட்டம் பார்க்கலாம் என்பதை அன்றுதான் நினைத்தேன். இன்றுவரை டோப்போஷீட்டை விரிக்கும்போதெல்லாம் நான் செய்வது அதைத்தான்: இந்த நிலத்தின் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் அது எந்தப் பக்கம் ஓடும் என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டுப் பார்ப்பது.

கணக்கு எளிமையானது. 1:50,000 தாளில் இரண்டு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் ஒரு கிலோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் என்பது 50 மீட்டர். மலைப் பகுதித் தாள்களில் அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையிலான உயர வேறுபாடு 20 மீட்டர். ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடிமனாக இருக்கும். எனவே ஒரு தடித்த கோட்டிலிருந்து அடுத்த தடித்த கோட்டுக்கு 100 மீட்டர். இரண்டு கோடுகள் இரண்டு மில்லிமீட்டர் விலகி நின்றால் 100 மீட்டர் நடக்க 20 மீட்டர் ஏறுகிறோம். அது ஏறக்குறைய 11 பாகை (டிகிரி) சரிவு, பையைச் சுமந்துகொண்டு பேசியபடி ஏறலாம். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்றால் சரிவு 22 பாகை, பேச்சு நின்றுவிடும். அரை மில்லிமீட்டர் என்றால் 38 பாகைக்கும் மேல். அங்கே கையையும் ஊன்றியாக வேண்டும், மழையில் அங்கே போகவே கூடாது. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டால் அது பாறைச்சுவர். கொடைக்கானல் மலைச்சாலையில் போகிறவர்கள் தூரத்தில் பார்க்கும் தலையாறு அருவியின் உயரம் 297 மீட்டர். வரைபடத்தில் பார்த்தால் அது பதினான்கு, பதினைந்து கோடுகள் ஓடையின் ஒரே இடத்தில் ஒன்றாக நெரிந்துகொள்வது. நாங்கள் மாட்டிக்கொண்ட ஓடையைத் தாளில் தேடிப் பிடித்தபோது அதன் குறுக்கே நான்கு கோடுகள் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அந்தத் தாள் முந்தைய நாள் இரவு என் வீட்டில் விரிந்திருந்தால் அந்த இரவு பாறையில் கழிந்திருக்காது.

மேட்டைப் பிடித்து இறங்க வேண்டும் என்று மாடு தேடி வந்தவர் சொன்னதும் இங்கேதான் விளங்கியது. மலை ஒரு சுவர் அன்று. அது விரல்களை அகட்டித் தரையில் ஊன்றிய கை. விரல்கள் முகடுகள், விரலிடுக்குகள் ஓடைகள். தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரியாக, அம்பு முனைகளை அடுக்கியதைப் போலத் தெரியும் என்பதால் புதிதாகப் படிக்கிறவர்கள் ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிடுவார்கள். எல்லாக் குழப்பங்களிலும் ஆபத்தானது இது. அம்பு முனை உயரமான பக்கத்தை நோக்கிக் குத்தினால் அது ஓடை. தாழ்வான பக்கத்தை நோக்கிப் பிதுங்கினால் அது முகடு. எது உயரமான பக்கம் என்பதைக் கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஊகிக்கக் கூடாது. ஓடை தனக்கு வேண்டிய வழியை அறுத்துக்கொண்டு விழுந்து விழுந்து போகும். அதற்குப் பாதை தேவையில்லை. மனிதர்களும் மாடுகளும் தலைமுறை தலைமுறையாக நடந்து உண்டாக்கிய பாதைகள் பெரும்பாலும் முகட்டின் முதுகிலோ அதன் தோளிலோதான் போகும். இரண்டு உச்சிகளுக்கு நடுவே கோடுகள் இருபுறமும் விலகி மணற்கடிகையின் இடுப்பைப் போல ஒடுங்கும் இடம் கணவாய். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்க மலை தானே விட்டுவைத்த வாசல் அது.

இதையெல்லாம் தாளிலேயே படித்து மனப்பாடம் செய்துவிட முடியாது. நிலத்தையும் தாளையும் மாறிமாறிப் பார்க்க வேண்டும். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களை நான் முதலில் அனுப்பும் இடம் பூம்பாறை. மலைப்பூண்டுக்குப் பெயர் பெற்ற அந்த ஊரின் சரிவு முழுவதும் படிக்கட்டு வயல்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த வயல்களின் வரப்புகள் ஒவ்வொன்றும் நிலத்தின் மேலேயே வரைந்த சமஉயரக் கோடு என்பதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தண்ணீர் தேங்க வேண்டும், மண் கரையக் கூடாது என்பதற்காக உழவர்கள் கண்ணால் மட்டம் பார்த்து வெட்டிய வரப்புகள் அவை. ஊருக்கு எதிர்ச்சரிவில் சாலையோரம் நின்று பார்த்தால் ஓடை இருக்கும் இடத்தில் வரப்புகள் உள்வாங்குவதையும், மேடு இருக்கும் இடத்தில் வெளியே வளைவதையும், சரிவு கடுமையாகும் இடத்தில் வயல் குறுகி வரப்புகள் நெருங்குவதையும் ஒரே பார்வையில் காணலாம். அங்கே அரை மணி நேரம் தாளுடன் நின்றவர்களுக்கு அதன் பிறகு கோடுகள் வெறும் கோடுகளாகத் தெரியமாட்டா.

கோடுகளுக்கு அடுத்தபடியாக நான் மதிப்பது ஓடைகளின் நிறம். இந்திய டோப்போஷீட்டில் ஆண்டு முழுவதும் தண்ணீர் இருக்கும் ஓடை நீலத்தில் இருக்கும்; மழைக்காலத்தில் மட்டும் ஓடி மற்ற நாட்களில் வறண்டு கிடப்பது கறுப்பில் இருக்கும். தாளில் ஓடை இருக்கிறதே என்று நம்பி ஏப்ரல் மாதத்தில் காலிப் புட்டியுடன் போய்க் கறுப்புக் கோட்டின் கரையில் நின்றவர்களை எனக்குத் தெரியும். இரவு தங்கும் இடத்தைத் தீர்மானிப்பதும் மறுநாள் எவ்வளவு தண்ணீர் சுமப்பது என்பதும் இந்த ஒரு நிற வேறுபாட்டைப் பொறுத்தவை. சிவப்பு சாலைகளுக்கும் வீடுகளுக்கும், பச்சை காட்டுக்கும், மஞ்சள் சாகுபடி நிலத்துக்கும் உரியவை. உள்ளே ஒரு புள்ளி இட்ட சிறு முக்கோணமும் அதன் அருகில் ஓர் எண்ணும் இருந்தால், அளவையாளர்கள் கருவியை நிறுத்திக் கோணம் எடுத்த இடம் என்று பொருள். அந்தக் கோணக் கணக்கின் தொடக்கமே நம் ஊரில்தான்: 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளமான அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் முக்கோண அளவை முழுவதும் அதிலிருந்து வளர்ந்தது.

ஊர்ப்பெயர்களையும் விட்டுவிடக் கூடாது. தாளில் ரோமன் எழுத்துகளில் அச்சாகியிருந்தாலும் அவை தமிழ்ப் பெயர்கள். பாறை, மேடு, பள்ளம், சோலை, கரடு, அளை, துறை என்று முடியும் ஒவ்வொரு பெயரும் அந்த இடத்தைப் பற்றி அங்கே வாழ்ந்தவர்கள் விட்டுச்சென்ற குறிப்பு. சோலை என்று இருந்தால் அங்கே பள்ளத்தின் மடிப்பில் ஈரமும் மரமும் இருந்திருக்கின்றன என்று கொள்ளலாம். ஆயினும் தாளின் அடியில் அச்சிட்டிருக்கும் அளவை ஆண்டைப் பார்க்காமல் பச்சை நிறத்தை நம்பக் கூடாது. பழனி மலையின் மேல்தளத்தில் புல்வெளியாக இருந்த நிலம் பல இடங்களில் வேல மர வகையான வாட்டில் மரக்காடாகவும் பைன், தைலமரத் தோப்பாகவும் மாறிவிட்டது. மரங்கள் மாறின, முகடுகளும் ஓடைகளும் அப்படியே இருக்கின்றன. பழைய தாளின் கோடுகளை நம்பலாம், நிறங்களை விசாரித்துத்தான் நம்ப வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் இப்படிப் பழகிய பிறகு, முறையான அனுமதியுடனும் உள்ளூர் வழிகாட்டி ஒருவருடனும், கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து, சரிவில் இருக்கும் வெள்ளகெவி என்ற ஊர் வழியாக, மலையடியில் இருக்கும் கும்பக்கரை அருவிக்கு இறங்கத் திட்டமிட்டேன். முதல் பாடம் வீட்டிலேயே கிடைத்தது: பாதை ஒரு தாளில் அடங்கவில்லை. இந்தத் தாள்கள் ஒவ்வொன்றும் அகலாங்கு, நெட்டாங்கு இரண்டிலும் 15 கலை, அதாவது கால் பாகை, அளவுள்ள கட்டம். கொடைக்கானல் ஏரி 58எஃப்/8 தாளின் கிழக்கு ஓரத்தை ஒட்டி இருக்கிறது. பெரியகுளமும் கும்பக்கரையும் அடுத்த தாளான 58எஃப்/12-இல் இருக்கின்றன. 77 பாகை 30 கலை என்ற நெட்டாங்குக் கோடு பாதையை வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டு தாள்களின் ஓரங்களையும் ஒட்டி வைத்து, கோடுகள் ஒரு தாளிலிருந்து மறு தாளுக்குச் சரியாகத் தொடர்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்த அந்த மாலையில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை. நான் பிறந்த ஊரும் நான் அண்ணாந்து பார்த்த மலையும் முதன்முதலாக ஒரே தரையில் சேர்ந்து கிடந்தன. 1821-இல் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு என்ற நில அளவையாளர் கொடைக்கானல் மேட்டை அளக்க ஏறிச் சென்றதும் வெள்ளகெவியிலிருந்துதான். மேலே நகரம் எதுவும் இல்லாத காலம் அது. அவர் அளக்கப் போன பாதையில் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு நான் வரைபடத்தைப் படிக்கப் போகிறேன் என்ற எண்ணம் என்னை வெகுநேரம் தூங்கவிடவில்லை.

நேரத்தைக் கணிப்பது அடுத்த வேலை. ஒரு நூலைப் பாதையின் வளைவுகளின் மேல் பொருத்தி வைத்து, பிறகு அதை நீட்டி அளவுகோலில் அளப்பேன்; கொண்டையூசி வளைவுகள் தாளில் முழுமையாக வராது என்பதால் கிடைக்கும் தூரத்துடன் கால்பங்கு கூட்டிக்கொள்வேன். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். கும்பக்கரையிலிருந்து மேலே ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஏற்றம் 1,500 மீட்டருக்கும் மேல். தூரம் பத்துக் கிலோமீட்டர் என்று கொண்டால் நடைக்கு இரண்டு மணி நேரம், ஏற்றத்துக்கு இரண்டரை மணி நேரம். சமதளத்தில் இரண்டு மணி நேர நடை நாலரை மணி நேரமாகிவிடுகிறது. நைஸ்மித் குளிர்ந்த நாட்டில், இலேசான சுமையுடன் நடந்தவர். நம் வெயிலுக்கும் முதுகில் இருக்கும் கூடாரத்துக்கும் நான் இன்னொரு பாதியைக் கூட்டுவேன். இறங்குவது எளிது என்று நினைப்பவர்கள் முழங்காலிடம் கேட்டுப் பார்க்கட்டும்; செங்குத்தான இறக்கத்துக்கும் நான் ஏற்றத்துக்கான நேரத்தையே ஒதுக்குகிறேன்.

கூடாரம் அடிக்கும் இடத்தைத் தாளில் தேடுவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோடுகள் விலகி நிற்கும் சமதளம் வேண்டும்; ஆனால் எல்லாச் சமதளமும் தங்கும் இடமாகிவிடாது. பள்ளத்தாக்கின் அடித்தரை பார்க்க அழகாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலவே அதுவும் வாட்டம் பார்த்து இறங்கித் தாழ்விடத்தில் தேங்கும். மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானலின் ஏரிக்கரையிலும் தாழ்ந்த புல்வெளிகளிலும் உறைபனி படிவது அதனால்தான். அதே பள்ளத்தாக்கில் இரண்டு மூன்று கோடுகள் மேலே, சரிவின் தோளில் இருக்கும் சிறு தட்டு, இரவில் தெளிவாக உணரக்கூடிய அளவுக்குக் கதகதப்பாக இருக்கும். கணவாயில் அடித்தால் இரவெல்லாம் காற்று கூடாரத்தைப் பிடுங்கும். முகட்டின் உச்சியில் அடித்தால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் மாலை இடிமின்னலுக்கு நாமே குறியாவோம். தண்ணீரின் கரையில் அடிக்கக் கூடாது. காட்டுமாடுகளும் மற்ற விலங்குகளும் இரவில் அங்கேதான் வரும், அது அவற்றின் இடம்.

ஓடைப் படுகையின் மணல் திட்டில் ஒருபோதும் அடிக்கக் கூடாது என்பதைக் கும்பக்கரையில் வளர்ந்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அருவிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பாம்பாறு கொடைக்கானலின் மேட்டில் பிறக்கிறது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை திடீரென்று வந்து இறங்கும்; அதனால்தான் வனத்துறை அடிக்கடி அங்கே குளிப்பதற்குத் தடை விதிக்கிறது. வரைபடம் தெரிந்தவர் இதை முன்கூட்டியே காணலாம். அருவிப் புள்ளியிலிருந்து தொடங்கி, இருபுறமும் இருக்கும் முகடுகளின் முதுகு வழியாகப் பென்சிலை மேலே ஏற்றிக்கொண்டே போய் உச்சியில் இரண்டு கோடுகளையும் சேர்த்துவிட்டால், அந்த வேலிக்குள் விழும் ஒவ்வொரு துளியும் இந்த அருவிக்கே வரும் என்பது தெரிந்துவிடும். அதுதான் நீர்ப்பிடிப்பு எல்லை. அதைத் தாளில் வரைந்து பார்த்த நாளில், எங்கள் சிறுவயதுக் குளியல் இடத்தின் மேல் எத்தனை சதுர கிலோமீட்டர் மலை சாய்ந்துகொண்டு நிற்கிறது என்பதைக் கண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

திசைகாட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மலைகளில் அதன் தேவை நூல்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு தமிழ்நாட்டில் ஒன்றிரண்டு பாகைதான். ஒரு பாகைப் பிழை ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டர் அளவே விலக்கும். கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. காந்த ஊசி எந்தப் பக்கமும் தாழாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு தென்கோடியில் திருநெல்வேலிக்கு அருகே போகிறது. இங்கே ஊசியைக் கீழே இழுக்கும் விசை மிகக் குறைவு. ஐரோப்பாவுக்காகச் சமன்செய்த ஊசியின் தெற்கு முனை இங்கே தாழ்ந்து தட்டில் உரசும். வாங்கும்போதே கிடையாகப் பிடித்து, ஊசி தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மற்றபடி தாளை நிலத்தோடு பொருத்தித் திருப்பி வைத்துக்கொள்வதும், தெரிந்த இரண்டு உச்சிகளின் திசையை எடுத்து அவற்றிலிருந்து கோடு இழுத்து அவை வெட்டும் இடத்தில் நம்மைக் கண்டுகொள்வதும் போதும். சோலைக்குள் எந்த உச்சியும் தெரியாது. அங்கே கடந்து வந்த ஓடைகளை எண்ணிக்கொண்டு வருவதே துணை.

கைபேசியை நான் வெறுப்பதில்லை. இப்போது நானும் அதில் சமஉயரக் கோடுகள் கொண்ட செயலியை வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலானவை 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த உயர அளவுகளிலிருந்து கணிப்பொறி இழுத்தவை. அந்த அளவுகள் ஏறக்குறைய முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் உள்ளவை; காட்டில் அந்த ரேடார் தரையைக் காட்டிலும் மரத்தலைகளையே பெரிதும் பார்த்தது. பாறைச்சுவர்கள் அதில் மழுங்கி வெறும் சரிவுகளாகிவிடும். அச்சுத் தாளும் முழுமையானது அன்று. 20 மீட்டர் இடைவெளியில் வரைந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே 19 மீட்டர் உயரமுள்ள ஒரு பாறை எந்த அடையாளமும் இல்லாமல் ஒளிந்திருக்க முடியும். பழைய தாள்களின் ஆள்கூறுகள் எவரெஸ்ட் என்ற பெயருள்ள பழைய புவிவடிவக் கணக்கைச் சார்ந்தவை; கைபேசி வேறு கணக்கைப் பயன்படுத்துகிறது. இரண்டையும் அப்படியே பொருத்தினால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் இடம் மாறிக் காட்டும். 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்களில் இந்தச் சிக்கல் இல்லை. தமிழ்நாட்டின் மேற்கு மலைப்பகுதித் தாள்கள் சி43 என்று தொடங்கும் புதிய எண்களைக் கொண்டவை. அவற்றை நில அளவைத் துறையின் இணையதளத்திலிருந்தே பதிவிறக்கிக்கொள்ளலாம்.

ஒன்றை எழுதத் தயங்கினேன். ஆனாலும் எழுதாமல் விட முடியவில்லை. 2018 மார்ச் 11 அன்று எங்கள் தேனி மாவட்டத்தின் குரங்கணி மலைச்சரிவில் பரவிய காட்டுத்தீ 23 உயிர்களைப் பறித்தது. இறந்தவர்கள் மீது எந்தக் குறையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதற்குப் பிறகு நான் வரைபடம் பார்க்கும் விதம் மாறியது என்பதை மட்டும் சொல்கிறேன். தண்ணீர் வாட்டத்தோடு இறங்கும்; தீ வாட்டத்துக்கு எதிராக ஏறும். கீழே எரியும் தழல் தனக்கு மேலுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், சரிவு கூடக்கூட அதன் வேகமும் கூடும். ஓடைப் பள்ளங்கள் புகைபோக்கியைப் போல அதை மேலே இழுக்கும். மாசி, பங்குனி மாதங்களில் கோடுகள் நெருங்கிய புல்வெளிச் சரிவு ஒன்று பாதையில் இருந்தால் அந்தப் பயணத்தை நான் வேறு மாதத்துக்குத் தள்ளிவிடுகிறேன். அந்தத் துயரத்துக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 வழித்தடங்களை வழிகாட்டிகளுடன் திறந்துவிட்டது. அனுமதி இல்லாமல் மலைக்குப் போகிறவர்களுடன் நான் இப்போது போவதில்லை. வரைபடம் படிக்கத் தெரிவது அனுமதிக்கு மாற்று அன்று, உடன் வரும் உள்ளூர்க்காரருக்கும் மாற்று அன்று. அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள அது நமக்கு ஒரு மொழியைத் தருகிறது.

வெள்ளகெவிப் பயணம் நான் குறித்து வைத்ததிலிருந்து அதிகம் விலகவில்லை. வழிகாட்டியாக வந்த அண்ணன் வரைபடத்தைப் பார்த்ததே இல்லை என்றார். ஓர் ஓய்விடத்தில் தாள்களை விரித்து, நாங்கள் இறங்கி வந்த முகட்டை விரலால் காட்டினேன். அவர் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, எங்கள் வலப்புறம் மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு பள்ளத்தைத் தாளில் சரியாகத் தொட்டு, "இதுதானே அது" என்றார். நான் இரண்டு ஆண்டுகள் கற்றதை அவர் ஐந்து நிமிடத்தில் படித்தார். நிலம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெள்ளகெவி ஊருக்குள் நடந்தோம். அங்கே யாரும் காலணியுடன் நடப்பதில்லை. மாலை நாலரைக்குக் கும்பக்கரையில் இருந்தோம். என் கணக்கு நான்கு மணி.

சென்ற தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இரண்டு தாள்களையும் ஒட்டிச் சேர்த்து மாடிக்கு எடுத்துப் போனேன். மாலை வெயில் சாய்வாக விழுந்து, சுவராகத் தெரிந்த மலையில் ஒவ்வொரு முகட்டின் ஒரு பக்கத்தை வெளிச்சமாகவும் மறுபக்கத்தை நிழலாகவும் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தது. தாளைத் தரையில் விரித்து, வடக்கு மலையின் பக்கம் இருக்குமாறு திருப்பி, நான்கு மூலைகளிலும் செங்கல் வைத்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார். பெரியகுளத்தைத் தானே கண்டுபிடித்தார். அங்கிருந்து விரலை வைத்து மெதுவாக மேலே நகர்த்திக்கொண்டே போனார். கோடுகள் நெருங்கத் தொடங்கிய இடத்தில் நிறுத்தித் தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"ஏப்பா, இந்தப் பள்ளந்தான அங்க நெழலா தெரியுது?"

"ஆமாப்பா. அதுல வர்ற தண்ணிதான் கும்பக்கரைக்கு வருது."

அப்பா விரலை அந்தப் பள்ளத்தின் நீலக் கோட்டில் வைத்து, உச்சியிலிருந்து கீழே ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "வாட்டம் நல்லாக் குடுத்திருக்கு" என்றார்.